நெல்லைச் சீமையில் தொலைநோக்கி வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பெட்டியின் மேல் ‘525 மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குவது முதல் தவறு. அதிகப் பணம் வீணாவதும் இங்கேதான். தொலைநோக்கியின் முதல் வேலை ஒளியைச் சேர்ப்பது. இருட்டில் விரிந்த கண்மணியின் விட்டம் சுமார் 7 மி.மீ. 150 மி.மீ. ஆடி அதைப்போல 450 மடங்குக்கு மேல் ஒளியை அள்ளும். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் ஆடி ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். உருப்பெருக்கம் வெறும் வகுத்தல் கணக்கு: குழாயின் குவியத்தூரம் 750 மி.மீ., கண் வைத்துப் பார்க்கும் கண்வில்லையினுடையது 10 மி.மீ. என்றால் 75 மடங்கு. ஆடியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவது உச்ச வரம்பு. 60 மி.மீ. வில்லைக்கு 120. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், மங்கும், புதிதாக எதுவும் தெரியாது.

அடுத்தது மவுண்ட், அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் பகுதி. ஈக்குவட்டோரியல் வகையில் அதன் அச்சு வானத்தின் துருவத்தை நோக்கி நிற்க வேண்டும், அப்போதுதான் வானம் சுழலும் போக்கில் குழாயும் திரும்பும். திருநெல்வேலியின் அட்சரேகை 8.7 டிகிரி. துருவ நட்சத்திரமும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரம்கூட வராது. தென்னையும் புழுதியும் மறைத்துவிடும். வெளிநாட்டுக் கையேடு ‘துருவ நட்சத்திரத்தைப் பார்த்துப் பொருத்துக’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பல ஈக்குவட்டோரியல் மவுண்டுகளின் அட்சரேகைத் திருகு 15 டிகிரிக்குக் கீழே இறங்காது. முறுக்கி இறக்கினால் திருகு வளையும், குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் எதிர்எடைத் தடி ஸ்டாண்டின் காலில் இடிக்கும். திருகை 15இல் விட்டுவிட்டு, கால்களின் இடைவெளி 1 மீட்டர் என்றால், தெற்குப் பக்கத்துக் கால்கள் இரண்டின் அடியிலும் 10 செ.மீ. மரக்கட்டை வைத்தால் மீதி 6 டிகிரி கிடைத்துவிடும். தடி இடிப்பதைத் தவிர்க்க மவுண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே நீட்டிப்புக் குழாய் போட வேண்டும். படம் எடுக்கும் எண்ணமே இல்லாதவருக்கு இந்தப் பாடு எதற்கு? துருவத்துக்குப் பொருத்தத் தேவையில்லாத, கையால் தள்ளித் திருப்பும் எளிய டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி வாங்கினால் போதும்.

வடக்கைக் காந்த ஊசியால் பிடிப்பவர்கள், அருகிலிருக்கும் இரும்பு எடைகளும் மோட்டாரும் ஊசியை இழுப்பதை மறந்துவிடுகிறார்கள். நண்பகல் நிழல் நல்ல வழி. ஆனால் மணி 12 அடித்ததும் கோடு போடக்கூடாது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாம் இருப்பது 77.7இல். அதனால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12.19க்கு. நவம்பர் தொடக்கத்தில் 12.03க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.33 ஆகும். இன்னொன்று: ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், உச்சி நிழல் தெற்கே விழும். அதை வடக்கு என்று எடுத்துக்கொண்டால் மவுண்ட் நேர் எதிராக நிற்கும். அந்த இரு எல்லைகளை ஒட்டிய நிழலில்லா நாட்களில் கோடே கிடைக்காது.

நுணுக்கமாகச் சரிசெய்ய நட்சத்திரத்தின் நகர்வைப் பாருங்கள். ஓரியன் இடைக்கச்சை மூன்றில் முதலில் உதிக்கும் மின்டகா, பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் வானநடுக்கோட்டை ஒட்டியே இருப்பது. அது உச்சிக்கோட்டை (தலைக்கு மேல் வடக்கு தெற்காக ஓடும் கோடு) நெருங்கும்போது மவுண்டின் மோட்டாரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் கவனியுங்கள். குழாயை வடக்கே லேசாகத் தள்ளினால் நட்சத்திரம் எந்தப் பக்கம் விலகுகிறதோ அதுவே கண்வில்லையில் தெற்கு. நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரம்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது.

மொட்டைமாடி வசதிதான். ஆனால் பகலெல்லாம் குடித்த வெயிலைக் காங்கிரீட் நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். வியாழன் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஆடும். மண் தரையோ புல்தரையோ மேல். ஆடிக்காற்றில் ராதாபுரம், பணகுடிப் பக்கம் குழாய் நடுங்காமல் நிற்காது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். தாமிரபரணிக் கரை வயல்களில் மார்கழிப் பனி வில்லையில் இறங்கும். துணியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். வில்லையின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்தில் பனிக்குழல் மாட்டுங்கள். ஆடியைக் கழுவ நேர்ந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. ஆற்று நீரும் போர் நீரும் உப்புக்கறை விடும்.

சூரியனைப் பார்க்க கண்வில்லையில் திருகும் சிறு வடிகட்டி சூட்டில் வெடிக்கும். குழாயின் வாயை முழுவதும் மூடி, ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டிதான் வேண்டும். இலக்கைத் தேட மேலே பொருத்தியிருக்கும் சிறு தேடுகுழாயையும் மூடிவிடுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேமரா வைத்தவர்கள், இரைச்சலைக் கழிப்பதற்கான இருட்டுப் படத்தை மறுநாள் குளிரூட்டிய அறையில் எடுக்கிறார்கள். சென்சாரின் வெப்ப இரைச்சல் சுமார் 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதே வெப்பத்தில், அதே ஒளிபடு நேரத்தில், மூடியைப் போட்டு அங்கேயே எடுக்க வேண்டும். ஆய்வகங்களில் கேமராவைத் திரவ நைட்ரஜனால் குளிர்விப்பதும் இந்த இரைச்சலுக்காகவே.

ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி செய்து பார்ப்பவர்கள், கோடுகளின் அலைநீளத்தை அளக்க உதவும் ஒப்பீட்டு விளக்கைத் தவிர்க்கிறார்கள். கொடைக்கானலில் 1909இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து. நொடிக்கு 2 கி.மீ. வேகத்துக்கு 600 நானோமீட்டர் கோடு நகர்வது 0.004 நானோமீட்டர்தான். வீட்டுக் கருவியில் அவ்வளவு துல்லியம் வராது. ஆனாலும் அளவுகோல் வேண்டும். பழைய சிஎஃப்எல் பல்பு போதும்: அதன் பாதரசக் கோடுகள் 435.8, 546.1 நானோமீட்டரில் விழும். நட்சத்திரத்துக்கு முன்னும் பின்னும் பல்பைப் படமெடுங்கள், ஏனென்றால் குழாய் சாயச் சாயக் கருவியும் கொஞ்சம் வளையும், கோடுகள் இடம் மாறும்.