கம்பனி வெளிநாட்டுக்கு அனுப்புதா? போக முதல் ஈபிஎஃபைப் பாருங்கோ

வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து கம்பனி வேலையாக ஆறு மாதம், ஒரு வருசம் என்று மாலைதீவு, கட்டார் போகிற பிள்ளைகளுக்குத்தான் இது. ஏஜென்சி மூலம் போறவைக்கு நடைமுறை வேறு.

அனுப்புவதும் சம்பளம் தருவதும் இங்குள்ள கம்பனியே என்றால், ஊழியர் சேமலாப நிதியும் (ஈபிஎஃப்) ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் (ஈடிஎஃப்) தொடர்ந்து கட்டப்படும் என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கோ. வாய்ப்பேச்சை நம்பிப் பிளேன் ஏறாதேங்கோ. 50,000 ரூபா சம்பளம் என்றால் உங்களிடம் கழிப்பது 8 வீதம், 4,000. முதலாளி 12 வீதமாக 6,000 போடவேணும். நம்பிக்கை நிதிக்குரிய 3 வீதம், 1,500 ரூபாவும் முதலாளியின் காசுதான். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க ஏலாது. ஒரு வருசம் கட்டாமல் விட்டால் இரண்டு நிதிக்கும் சேர்த்து முதலாளி பங்கு மட்டும் 90,000 ரூபா.

இன்னொன்று, அடையாள அட்டை. யுத்தத்தில் அட்டையைத் தொலைத்துப் புதிதாக எடுத்தவை எங்கட பக்கம் கனபேர். அட்டையில் உள்ள இலக்கமும் பெயரின் ஆங்கில எழுத்தும் நிதிக் கணக்கில் அப்படியே இருக்கா என்று பாருங்கோ. பிழை இருந்தால் ஊரில் நிற்கும்போதே கம்பனியிடம் சொல்லித் திருத்துங்கோ. போனபிறகு மாதாமாதம் சம்பளச் சிட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கோ.