பங்கில் நின்றால் மட்டும் மக்கர் செய்யும் கார்: பம்பைத் தொடாதீர்கள்

பழங்காநத்தம் பக்கம் பட்டறைகளில் புதிதாகக் கை வைக்கும் தம்பிமார்கள் பெட்ரோல் ஆவிக் கசிவு என்றாலே திணறுகிறார்கள். டேங்க் மூடியை இறுக்கு, வெடித்த ஹோஸைப் பார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம். அதற்கு மேல் அவர்கள் செய்யும் தவறுகள் இவை.

ஸ்கேனரை மட்டும் நம்புவது

அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு பி0442, பி0455 என்று கசிவுக்கான கோளாறு எண்களை ஸ்கேனரில் தேடுகிறார்கள். அங்கே ஓடும் கார்கள் அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடத் தானே சோதித்து எச்சரிக்கை விளக்கைப் போடும். நம்ம ஊர் பிஎஸ்6 புகை விதிக் கார்களில் பெரும்பாலானவை, டேங்க் ஆவியைக் கரியில் பிடித்துவைக்கும் டப்பாவான கேனிஸ்டரிலிருந்து அதை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வின் மின்சுற்றை மட்டும்தான் கவனிக்கின்றன. ஸ்கேனரில் ஒன்றும் காட்டவில்லையா? கசிவு இருக்கலாம்.

வால்வை மாற்றிவிட்டுக் கேனிஸ்டரை விடுவது

இதைத்தான் என்னால் இன்னும் சகிக்க முடியவில்லை. மேலூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆகாது. ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே சாவியைத் திருகினால் திணறிப் பிடிக்கும். மற்ற நேரம் ஒரு குறையும் இல்லை. முதலில் பார்த்த பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றி, இன்ஜெக்டரையும் கழுவியிருந்தார்கள். பங்கில் மட்டும் வரும் கோளாறுக்குப் பம்ப் என்னய்யா செய்யும்? பர்ஜ் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், டேங்க் நிரம்பும்போது கிளம்பும் ஆவி நேராக, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்குக்குள் போய் நிற்கும். ஸ்டார்ட் செய்கையில் காற்றுக்கு ஏற்ற அளவைவிடப் பெட்ரோல் அதிகமாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க விரல் போதும். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, வால்வின் மின் சாக்கெட்டைப் பிடுங்குங்கள். கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, வால்வு வாயில் விரலை வையுங்கள். வால்வு விரலை உள்ளே இழுத்தால் அது மூடவில்லை.

இதுவரை சரியாக வந்தவர்கள்கூட, புது வால்வை மாட்டிக் காசு வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்த மேலூர் வண்டிக்கும் அப்படி ஒரு வால்வு ஏற்கெனவே போட்டாயிற்று! கழற்றிய வால்வை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். கறுப்புத் துகள் உதிர்ந்தால் கேனிஸ்டருக்குள் கரி உடைந்து கிளம்பிவிட்டது. எத்தனை வால்வு போட்டாலும் அந்தக் கரி வந்து அடைக்கும்.

கரி ஏன் கெட்டது என்றும் கேளுங்கள். அந்த வண்டிக்காரர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: “நாசில் டக்குனு நின்னப்புறம் ரவுண்டாப் போடச் சொல்லுவேன்ணே, கழுத்து வரைக்கும் நிரம்புனாத்தான் மனசு கேக்கும்.” ஆவியைப் பிடித்துவைக்கிற கரி அது. பெட்ரோலே வழிந்து அதில் ஊறினால் தாங்காது.

கம்ப்ரஸர் காற்றை ஏற்றுவது

கூடவே கூடாது. கசிவைக் கண்டுபிடிக்கப் புகை விடும் ஸ்மோக் மெஷின் கொடுக்கும் அழுத்தம் 1 பிஎஸ்ஐக்கும் குறைவு, கம்ப்ரஸரில் 100-க்கு மேல். பெட்ரோல் ஆவியோடு காற்றைக் கலந்து கொடுத்தால் ஒரு பொறி போதும்.

புகை வந்த இடமெல்லாம் ஓட்டை என்பது

கேனிஸ்டருக்கு வெளிக்காற்று வழி ஒன்று உண்டு. அதை அடைக்காமல் புகை விட்டால் அங்கேதான் வரும். அதைப் பார்த்து நல்ல கேனிஸ்டரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

டேங்க் தளும்பத் தளும்ப இருக்கும்போது சோதிப்பது

பாதிக்குக் கீழே இறங்கட்டும், பிறகு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.