டிஸ்க் நிரம்பிய சர்வரில் முதலில் பார்க்க வேண்டியவை

டிஸ்க் நிரம்பியதாக நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால், கண்ணில் படும் பெரிய லாக் கோப்பை (நிரல்கள் தம் நடவடிக்கைகளை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவேடு) ஆர்எம் என்ற அழிப்புக் கட்டளையால் அழித்துவிடக் கை பரபரக்கும். பெங்களூரு அல்சூரில் வாடகை அறையில் இருந்த நாட்களில் நானும் ஒருமுறை அப்படித்தான் அழித்தேன். கோப்பு மறைந்தது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நின்றது. உடன் பணியாற்றிய கோவை அண்ணனை எழுப்பியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, அந்த ஃபைலை யார் தொறந்து வெச்சிருக்காங்கன்னு பாத்தியா?”

லினக்ஸ் இயங்குதளத்தில் ஆர்எம் நீக்குவது கோப்பின் பெயரைத்தான். ஏதேனும் ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அதைத் திறந்து வைத்திருக்கும்வரை அது பிடித்திருந்த இடம் திரும்பக் கிடைக்காது. ஆகவே, பிடிக்கப்பட்ட இடத்தைக் காட்டும் டிஎஃப், டியூ ஆகிய இரண்டு கட்டளைகளையும் ஓட்டி ஒப்பிடுங்கள். டியூ, அடைவுகளில் பெயருள்ள கோப்புகளை மட்டுமே கூட்டிச் சொல்லும். டிஎஃப், டிஸ்கில் கோப்புகளை நிர்வகிக்கும் கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கும். இரண்டும் பெரிதாக வேறுபட்டால், பெயரிழந்த கோப்பு ஒன்று திறந்தே கிடக்கக்கூடும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையுடன் கூட்டல் குறி, பெரிய எல், 1 ஆகியவற்றை இடைவெளியின்றிச் சேர்த்து ரூட் (நிர்வாகி) அனுமதியுடன் ஓட்டினால், அத்தகைய கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் புராசஸ் எண்களும் வந்துவிடும்.

அந்தப் புராசஸை ரீஸ்டார்ட் செய்வதே நேரான வழி. அதற்கு வாய்ப்பில்லை என்றால், புராக் அடைவில் அந்தப் புராசஸ் எண்ணுக்குக் கீழுள்ள எஃப்டி அடைவில் கோப்பின் இணைப்பைக் கண்டுபிடித்து, ட்ரங்கேட் கட்டளையால் அளவைச் சுழியாக்கலாம். உண்மையில், தேவையான கடைசி வரிகளை வேறு டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு, அழிக்காமலே லாக்கைக் காலி செய்திருந்தால் இந்தச் சுற்று வேலையே இருந்திருக்காது. தரவுத்தளக் கோப்புகளில் மட்டும் இப்படிக் காலி செய்வதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இடம் இருந்தும் எழுத முடியவில்லையென்றால், டிஎஃப் கட்டளையில் சிறிய ஐ சேர்த்து ஐநோடுகளை (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வீதம் செலவாகும் குறிப்பிடங்கள்) பாருங்கள். குட்டிக் குட்டி செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து அவற்றைத் தின்றிருக்கும். மேலும், இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கிவைப்பதால், மற்ற பயனர்களுக்கு டிஸ்க் சற்று முன்னதாகவே நிரம்பிவிடும்.

பிறகு, பழைய லாக்கை அவ்வப்போது ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும் லாக்ரொடேட் கருவியைச் சரிசெய்யுங்கள். லாக்கை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும் அதன் காப்பிட்ரங்கேட் வசதி எளிதானது. ஆனால் நகலெடுப்பதற்கும் காலி செய்வதற்கும் இடைப்பட்ட நொடியில் எழுதப்படும் வரிகள் தொலையலாம். ஆதலால், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் போல சிக்னல் (புராசஸுக்கு அனுப்பும் அறிவிப்பு) கிடைத்ததும் லாக்கை மறுபடி திறக்கத் தெரிந்த மென்பொருளுக்கு, சுழற்சி முடிந்தவுடன் சிக்னல் அனுப்பும்படி எழுதுவதையே நான் விரும்புவேன். எழுதியதும் டீபக் நிலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது எந்தக் கோப்பையும் தொடாமல், என்ன செய்யவிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும்.