மலைமேல் மேகம் இறங்கினால் எங்கே திரும்புவது?

கண்ணால் பார்த்து ஓட்டுகிற சிறு விமானம் மலையில் மேகத்துக்குள் போய் மோதியது என்று செய்தி வந்தால், மேகத்துக்குள் நுழைந்த அந்த நொடியைத்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் பெரும்பாலும் அதற்குப் பல நிமிடம் முன்பே, திரும்ப இடம் இருந்தபோது திரும்பாமல் விட்டதிலேயே காரியம் கெட்டுப்போயிருக்கும். அதனால் இங்கே நான் எழுதுவது முழுக்கத் திரும்புவதைப் பற்றித்தான்.

முதல் வேலை தரையிலேயே இருக்கிறது. வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 400 அடி என்று பெருக்கினால் குவிமேகத்தின் அடிமட்டம் தோராயமாகக் கிடைக்கும். 5 டிகிரி என்றால் 2,000 அடி. சரி, ஆனால் அது விமான நிலையத்திலிருந்து 2,000 அடி. கடக்க வேண்டிய முகடு நிலையத்தைவிட 1,800 அடி உயரம் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 200 அடி. அதில் ஒரு விமானம் போக முடியாது. போதாததற்கு, சரிவில் மோதி மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து முகட்டின் தலையிலேயே புது மேகத்தை உண்டாக்கும். நிலையத்து அறிக்கையில் அது தெரியாது.

முகட்டுக்கு மேல் 1,000 அடி, மேகத்துக்குக் கீழ் 1,000 அடி, ஆக மொத்தம் 2,000 அடி இடைவெளி இல்லையென்றால் கடப்பதில்லை என்று கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். காற்று பலமாக இருந்தால் இன்னும் கூட்டுங்கள், ஏனென்றால் முகட்டின் மறுபக்கம் கீழிறங்கும் காற்று, சிறு எஞ்சினால் ஏற முடிகிற வேகத்தைவிட அதிக வேகத்தில் உங்களை இறக்கிவிடலாம். கூட வருபவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் காத்திருக்கிறார்கள் என்ற அவசரம் வானத்தில் வரும்போது அந்த எண்தான் கைகொடுக்கும்.

பள்ளத்தாக்கில் நடுவே பறக்காதீர்கள், ஒரு ஓரமாகப் போங்கள், அப்போதுதான் திரும்புவதற்கு முழு அகலமும் கிடைக்கும். இறக்கையை 30 டிகிரி சாய்த்து 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கி.மீ.) வேகத்தில் திரும்ப ஏறக்குறைய 750 மீட்டர் அகலம் வேண்டும், 120 நாட்டில் 1,300 மீட்டருக்கும் மேல். பார்வை மங்கும்போது வேகத்தைப் பாதுகாப்பான அளவுக்குக் குறைக்கச் சொல்வது இதனால்தான். முகட்டை நேராக நெருங்காமல் 45 டிகிரி கோணத்தில் போனால் பாதித் திருப்பத்திலேயே வெளியே வந்துவிடலாம். நெருங்க நெருங்க முகட்டுக்கு அப்பாலுள்ள நிலம் கூடுதலாகத் தெரிந்தால் நீங்கள் மேலே கடக்கிறீர்கள். அது குறைந்துகொண்டே வந்தால் உடனே திரும்புங்கள்.

இன்னொரு அடையாளம் கொஞ்சம் நயவஞ்சகமானது. மேகம் தாழ்கிறதே என்று 200 அடி இறங்குகிறீர்கள், அப்புறம் இன்னொரு 200, கீழே மரங்களின் கிளைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கின்றன, தரையோ உங்களை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. மேகத்துக்காக இரண்டாவது தடவை இறங்கியதுமே திரும்பிவிடுங்கள், மூன்றாவதுக்குக் காத்திருக்காதீர்கள்.

அப்படியும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டால் உடம்பு சொல்வதை நம்பாதீர்கள். மெதுவாகச் சாய்வதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணராது, நேராகப் போகிறோம் என்றே தோன்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாதபடி ஓட்டவிட்டபோது 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில். அந்த எண்ணை மட்டும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சோதனையின் நோக்கமே கருவியைப் பார்த்து அரைவட்டம் திரும்பக் கற்றுக்கொடுப்பது, பயிற்சிக்குப் பிறகு அவர்களால் அது முடிந்தது என்பது எனக்கு அதைவிட முக்கியம்.

முதலில் செயற்கைத் தொடுவானத்தை (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) பார்த்து இறக்கைகளைச் சமமாக்குங்கள். ஆட்டோபைலட் இருந்தால் போடுங்கள். உள்ளே வரும்போது திறந்த பக்கம் எது என்று பார்த்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அந்தப் பக்கமாக நொடிக்கு 3 டிகிரி வீதம், உயரம் குறையாமல், ஒரு நிமிடம் திரும்புங்கள். ரேடியோவில் மேகத்துக்குள் இருப்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள், பதில் வராவிட்டால் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் கூப்பிடுங்கள். ஆனால் விமானத்தை ஓட்டுவது முதலில், பேச்சு அப்புறம். இந்தத் திருப்பத்தைக் கண்மறைப்புப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, அடுத்த மலைப் பயணத்துக்கு முன்பே ஒருமுறை செய்து பாருங்கள்.