நோயாளி வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் பீடோர், சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் ஒருவர் நோயில் விழுந்தால், அன்று சாயங்காலமே ஜெபக்குழு வாசலில் நிற்கும். நல்ல வழக்கம், அது தொடரட்டும். ஆனால் உள்ளே நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி "ஆண்டவர் சுகமாக்குவார்னு விசுவாசிக்கிறீங்களாம்மா?" என்றிருந்தால் காரியம் அங்கேயே கோணிவிடும். காய்ச்சலில் கிடப்பவருக்கு அது ஆறுதலாக இருக்காது, பரீட்சையாகத்தான் இருக்கும். சுகம் கிடைக்காவிட்டால் அந்தப் பரீட்சையில் தோற்றவரும் அவர்தான் என்று ஆகிவிடும்.

சுவிசேஷங்களைத் திறந்து, யாருடைய விசுவாசம் எங்கே பேசப்படுகிறது என்று பாருங்கள். 12 வருஷம் உதிரப்போக்கில் கஷ்டப்பட்ட பெண்ணிடம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றார் இயேசு. அது உண்மை. ஆனால் மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனைக் கூரை பிரித்து இறக்கியவர்கள் நான்கு பேர். "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. யோவான் 5-இல் 38 வருஷம் நோயாளியாய்க் கிடந்தவனுக்குத் தன்னைச் சுகமாக்கினவர் யாரென்றே தெரியாது. மாற்கு 9-இல் பையனின் தகப்பன், விசுவாசமும் அவிசுவாசமும் கலந்த ஒரே மூச்சில் கெஞ்சுகிறான். அதுவும் போதுமானதாக இருந்தது. லாசருவோ செத்து நாலு நாள் ஆனவன்.

நாசரேத்தில் அவிசுவாசத்தினால் அற்புதம் குறைந்ததே என்று கேட்பீர்கள். அங்கே அவரைத் தள்ளியது ஊர். சுகம் கேட்டு வந்த நோயாளியை "உனக்கு விசுவாசம் பத்தாது" என்று அவர் திருப்பி அனுப்பிய இடம் நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. ஆகவே விசுவாசத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டியவர்கள் நீங்கள். படுத்திருப்பவரிடம் வசூலிக்காதீர்கள்.

இனி நடைமுறை. போவதற்கு முன் வீட்டாரைக் கேட்டு நேரம் வாங்குங்கள். இரண்டு முதல் நான்கு பேர் போதும். எட்டுப் பேர் போனால் வீட்டுக்காரர் தேத்தண்ணி கலக்கவே நேரம் சரியாக இருக்கும். காலை வேலைக்கு விடியுமுன் எழுகிற வீடு அது, ராத்திரி எட்டரைக்கு மேல் உட்காராதீர்கள். எல்லாம் சேர்த்து 20 நிமிஷம் தாராளம். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். இருமல், சளி உள்ளவர் வீட்டிலேயே இருந்து ஜெபிக்கலாம். நோயாளிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், முகக்கவசம் போடுங்கள், கிளினிக்கில் காசநோய்க்கான சளி பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

உள்ளே போனதும் உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால் படுத்திருப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். பிறகு பர்திமேயுவிடம் இயேசு கேட்டதையே கேளுங்கள்: நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? குருடனுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தும் கேட்டார். கால் எடுக்கப்பட்ட ஒரு பாட்டிக்கு, சிங்கப்பூரில் இருக்கும் மகன் போன் எடுத்தால் போதும் என்றிருக்கலாம். அவர் எதைச் சொல்கிறாரோ அதற்கு ஜெபியுங்கள், நீங்கள் தயாரித்து வந்ததற்கு அல்ல.

கை வைக்கும் முன் அனுமதி கேளுங்கள். பெண்களுக்குப் பெண்கள் வைக்கட்டும். தலையிலோ தோளிலோ லேசாக வைத்தால் போதும். அழுத்துவதும் உலுக்குவதும் தள்ளுவதும் ஜெபத்துக்கு எதையும் கூட்டாது. அறுவை சிகிச்சை ஆன இடத்தைத் தொடவே கூடாது. யாக்கோபு 5:14 சொல்கிற எண்ணெய்க்கு ஒலிவ எண்ணெய் ஒரு துளி, நெற்றியில். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவரின் கால்புண்ணில் அதைத் தடவாதீர்கள். அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது கிளினிக்கின் வேலை. பக்கவாதம் வந்தவர் வாயில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் நோயில்பூசுதலைக் கொடுக்கக்கூடியவர் ஃபாதர்தான். நெற்றியிலும் கைகளிலும் பூசுவார். சாகப்போகிறவருக்குத்தான் அது என்ற பயத்தில் பல குடும்பங்கள் கடைசிவரை கூப்பிடாமல் இருந்துவிடுகின்றன. கடுமையான நோய் என்றாலே கேட்கலாம்.

ஜெபம் சின்னதாக, பெயர் சொல்லி, உறுப்பைச் சொல்லி இருக்கட்டும்: "ஆண்டவரே, இந்த அம்மாவின் வலது காலில் இருக்கிற புண்ணைப் பாரும். ஆற்றும். இன்று ராத்திரி தூங்க வையும். மருந்து கொடுக்கிறவர்களுக்கு ஞானம் தாரும்." அவ்வளவுதான். லயத்து வீடுகளில் இடைச்சுவர் கூரைவரை எட்டாத இடங்கள் உண்டு. நீங்கள் சத்தம் போட்டு ஜெபித்தால் அவருடைய நோய் விவரம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஆஸ்பத்திரி வார்டில் இன்னும் கவனம் வேண்டும்: குரலைத் தாழ்த்துங்கள், உங்கள் நோயாளியோடு நில்லுங்கள். முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 11(4) பிரிவு இடம் தருகிறது. பக்கத்துக் கட்டிலுக்குப் போய்க் கைப்பிரதி கொடுப்பது நோயாளியின் குடும்பத்துக்கே வம்பாக முடியும்.

நோயாளியின் கையில் முனியாண்டி கோயில் கயிறு இருக்கலாம். தோட்டத்தில் ஒரே குடும்பத்தில் இரண்டு வழிபாடும் சகஜம். அவர் கேட்காமல் அதை அறுக்காதீர்கள்.

மருந்துக்கு வருவோம். இங்கேதான் உயிர் போகிறது. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்ற வார்த்தை எந்த மேடையிலிருந்து வந்தாலும் ஏற்காதீர்கள். எசேக்கியாவின் புண்ணுக்கு ஏசாயா அத்திப்பழ அடை வைக்கச் சொன்னார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார். அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம் மருந்து. சில வாரத்திலேயே உடம்பு தேறிவிடும், அப்போது நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசம் திரும்பலாம். இன்சுலின் போடுகிறவரை உபவாச ஜெபத்தில் உட்கார வைக்காதீர்கள். வியர்வை, நடுக்கம், குழறல் கண்டால் அது அபிஷேகம் அல்ல, சர்க்கரை இறங்குகிறது. மீட்டரில் 4-க்குக் (mmol/L) கீழே காட்டினால், விழுங்கக்கூடியவராக இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது டெங்கி. காய்ச்சல் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் இறங்கும். ஜெபித்த ராத்திரியே இறங்கினால் வீடு முழுக்க ஸ்தோத்திரம். ஆனால் டெங்கியில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் விட்டபிறகு வருகிற 24 முதல் 48 மணி நேரம்தான்: ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், ரத்த அழுத்தம் விழும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நன்றி ஜெபத்தைக் காடியிலேயே சொல்லலாம்.

சாட்சிக்கும் பொறுமை வேண்டும். குஷ்டரோகிகள் பத்துப் பேரையும் ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னார் இயேசு, போகிற வழியில் சுகமானார்கள். ஆசாரியர் பார்த்துச் சொல்வதுதான் அன்றைய பரிசோதனை. நோயாளிகள் யாத்திரை போகிற பிரான்சின் லூர்து நகரில் 1858-க்குப் பிறகு சுகமானதாக வந்து சொன்னவர்கள் ஆயிரக்கணக்கில். மருத்துவர்கள் சோதித்து, திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். இனிப்புநீர் போய்விட்டது என்று சொல்ல ஒரு நாள் சோதனை போதாது. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனைதான் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டும். அதுவரை "வலி குறைந்திருக்கிறது, நன்றி" என்று சொன்னால் பொய் கலக்காது. அவர் சம்மதிக்காமல் படமோ நோயின் பெயரோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. படுக்கையருகே காணிக்கைப் பேச்சை எடுக்கிற ஊழியக்காரரை அடுத்த முறை அழைக்காதீர்கள்.

சுகம் வராதபோது காரணம் தேடாதீர்கள். பவுல் மூன்று தரம் வேண்டியும், முள் என்று அவர் சொன்ன உபாதை எடுபடவில்லை. தன் கூட்டாளி துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார். யார் செய்த பாவம் என்ற கேள்விக்கு யோவான் 9-இல் இயேசு சொன்ன பதில், இவனும் அல்ல, பெற்றவர்களும் அல்ல என்பது. குழுக்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். முதல் வாரம் ஆறு பேர் வருவார்கள், மூன்றாம் வாரம் யாரும் இல்லை. பலன் தெரியாத வீட்டுக்குப் போகக் கூச்சமாக இருக்கும். போங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு, மாத்திரை டப்பாவில் எத்தனை மீதி இருக்கிறது, அடுத்த அப்பாயின்மெண்ட் என்றைக்கு என்று பாருங்கள். கிட்னிக்காரர் என்றால் பெரும்பாலும் வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டும். தோட்டத்திலிருந்து அந்நேரத்துக்கு பஸ் கிடைக்காது. திங்கள் யார், புதன் யார், வெள்ளி யார் காடி ஓட்டுவது என்று ஒரு தாளில் பெயரும் நம்பரும் எழுதி, அவர் படுத்தபடியே பார்க்கிற மாதிரி சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.