மருத்துவ சாதனத்தில் ஏஐ: சொல்லிலேயே தொடங்கும் தவறுகள்

மருத்துவ மென்பொருளுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், பலரும் முதல் பக்கத்திலேயே "எங்கள் சாதனம் செயற்கை நுண்ணறிவில் இயங்குகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு மதிப்பாய்வாளர் என்ன செய்வார்? மென்பொருள் எதைப் பார்க்கிறது, என்ன சொல்கிறது, அதை நம்பி யார் என்ன முடிவெடுக்கப் போகிறார், இதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஏஐ என்ற சொல் இதில் எதற்கும் பதில் தராது. ஒரு சொல்லைத் தவறாகப் பிடித்தால் அதன் பின்னால் வரும் சோதனைகளும் தவறாகிவிடும் என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஏஐ இருந்தால்தான் ஒழுங்குமுறைக்குள் வருவோம் என்று நினைப்பது முதல் குழப்பம். ஒரு மென்பொருள் மருத்துவ சாதனமா இல்லையா என்பதை அதன் மருத்துவ நோக்கம்தான் முடிவு செய்கிறது. உலக ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து இயங்கும் ஐஎம்டிஆர்எஃப் என்ற மன்றம் 2013-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டது. ரத்தச் சர்க்கரை ஒரு அளவைத் தாண்டினால் இன்சுலின் அளவைச் சொல்லும் மென்பொருள், பொறியாளர் கையால் எழுதிய நாலு விதிகளில் ஓடினாலும் மருத்துவ சாதனம்தான். அதை விளம்பரத்துக்காக ஏஐ என்று அழைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டம், மனிதர்கள் மட்டுமே வகுத்த விதிகளைத் தானாக நிறைவேற்றும் மென்பொருளை ஏஐ கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தன் முன்னுரையில் சொல்கிறது. மறுபக்கம், நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருளில் எவ்வளவு பெரிய நியூரல் நெட்வொர்க் இருந்தாலும் அதனால் மட்டும் அது மருத்துவ சாதனம் ஆகிவிடாது.

அதே மன்றம் 2022 மே மாதம் இன்னும் குறுகிய ஒரு சொல்லை வரையறுத்தது: தன் மருத்துவ நோக்கத்தை அடைய, முழுதாகவோ ஒரு பகுதியாகவோ, இயந்திரக் கற்றலை (விதிகளைக் கையால் எழுதாமல் டேட்டாவிலிருந்து கற்கவைக்கும் முறையை) பயன்படுத்தும் மருத்துவ சாதனம். ஏஐ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட இந்த வரையறையில் உங்கள் சாதனம் எங்கே பொருந்துகிறது என்று எழுதுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது, "தொடர்ந்து கற்றுக்கொண்டே இருக்கும்" என்ற வாசகம். விற்பனைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வரி, ஆனால் பெரும்பாலும் உண்மையில்லை. மாதிரியை, அதாவது டேட்டாவிலிருந்து கற்று விடை சொல்லும் நிரலை, பயிற்றுவித்து, மேற்கொண்டு மாறாதபடி பூட்டி, சந்தைக்கு அனுப்புகிறார்கள். ஒரே படத்தை நூறு முறை கொடுத்தால் நூறு முறையும் ஒரே விடைதான் வரும். அப்படிப் பூட்டிய மாதிரியும் ஏஐதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பிய வரையறையே, பயன்பாட்டுக்கு வந்த பிறகு தகவமைவு "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறது, இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய டேட்டாவில் மறுபயிற்சி கொடுத்து அப்டேட் விடுகிறீர்களா, சரி, அதை அப்படியே எழுதுங்கள். அது வேறு, களத்தில் இருக்கும்போதே தன்னைத்தானே மாற்றிக்கொள்வது வேறு. முதல் வகைக்கு, மருந்துக்கும் மருத்துவ சாதனத்துக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ ஒரு வழி வைத்திருக்கிறது: என்னென்ன மாற்றம் வரப் போகிறது, ஒவ்வொன்றையும் எப்படிச் செய்து எப்படிச் சோதிப்போம், அதனால் நன்மை தீமை என்ன என்ற மூன்றையும் முன்கூட்டியே திட்டமாக எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்த எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. இதற்கான இறுதி வழிகாட்டுதல் 2024 டிசம்பரில் வந்தது.

அப்புறம் வேலிடேஷன், அதாவது சரிபார்ப்பு. என்னைக் கேட்டால், அதிக நாட்களை வீணடிப்பது இந்த ஒரு சொல்தான். டேட்டா சயன்ஸ் ஆட்களிடம் வேலிடேஷன் செட் என்றால், பயிற்சி நடக்கும்போதே மாதிரியைச் சரிக்கட்டப் பார்த்துக்கொள்ளும் டேட்டா. ஒழுங்குமுறை உலகில் வேலிடேஷன் என்றால், குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான தேவைகளைச் சாதனம் தொடர்ந்து நிறைவேற்றுகிறது என்று ஆதாரத்தோடு உறுதிசெய்வது. ஒருவர் "வேலிடேஷனில் 94 சதவீதம்" என்று அட்டவணையில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளர் அதை இறுதிச் சோதனை முடிவாக வாசிப்பார். அந்த எண்ணோ, மாதிரி ஏற்கெனவே பலமுறை பார்த்துப் பழகிய படங்களிலிருந்து வந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் கோப்பில் இருப்பது பொய்யாகிவிட்டது. எஃப்டிஏவின் 2025 ஜனவரி வரைவு வழிகாட்டுதல் இந்தக் குழப்பத்தைக் குறிப்பிட்டே பேசுகிறது. பயிற்சி டேட்டா, டியூனிங் டேட்டா (டேட்டா சயன்ஸ் ஆட்கள் வேலிடேஷன் செட் என்பது), சோதனை டேட்டா என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள், வேலிடேஷனை ஒழுங்குமுறைப் பொருளுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

பிரிப்பது என்றால் கோப்புறையைப் பிரிப்பது மட்டும் போதாது. ஒரே நோயாளியின் இடது கண் படம் பயிற்சியிலும் வலது கண் படம் சோதனையிலும் இருந்தால் அது தனி டேட்டா கிடையாது. படமாகப் பிரிக்காமல் ஆளாகப் பிரியுங்கள், முடிந்தால் மருத்துவமனையாகவே பிரியுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியா தேடிய மாதிரிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையே அவை ஏறக்குறைய பிசகாமல் கண்டுபிடித்தன. நுரையீரலைப் பார்க்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, அது எக்ஸ்ரே எடுத்த இடத்தைப் பார்த்தும் விடை சொல்லியிருக்கலாம்.

சோதனை டேட்டாவுக்கான சரியான விடையை "உண்மை" என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். மூன்று மருத்துவர்கள் ஒரே படத்துக்கு மூன்று விதமாகச் சொல்வது நடப்பதுதான். அந்த விடை எப்படி வந்தது, யார் படித்தார்கள், ஒத்துப்போகாதபோது எப்படித் தீர்த்தார்கள் என்று சொல்லி, அதற்கு ஒப்பீட்டுத் தரம் என்று பெயர் வையுங்கள்.

சார்பு (bias), அதாவது சில பிரிவினருக்கு மட்டும் விடை பிசகுவது என்றால், டேட்டாவில் சில பிரிவினர் குறைவு என்று மட்டும் பலர் புரிந்துகொள்கிறார்கள். எதைக் கணிக்கச் சொன்னோம் என்பதிலும் சார்பு புகும். அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறை, நோயின் தீவிரத்துக்குப் பதிலாகச் சிகிச்சைச் செலவைக் கணித்ததால், அதே அளவு நோயுற்ற கறுப்பின நோயாளிகளைக் குறைந்த தேவையுள்ளவர்களாகக் காட்டியது. 2019-இல் வெளியான ஒரு ஆய்வில் இந்தக் குறை தெரியவந்தது. மக்கள்தொகை அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் அது பிடிபட்டிருக்காது.

கடைசியாக, "மருத்துவருக்கு உதவி மட்டுமே" என்ற வரி. ஆபத்து வகையைக் குறைத்துக் காட்ட இதை எழுதுகிறார்கள், ஆனால் நடைமுறையில் மருத்துவர் படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அந்த விடையை அப்படியே ஏற்றுக்கொள்வதும் உண்டு. உண்மையிலேயே தானாக இயங்குவதென்றால் அதை நேராக எழுதலாம், அப்படியும் அனுமதி கிடைத்திருக்கிறது. 2018 ஏப்ரலில் எஃப்டிஏ அனுமதித்த ஐடிஎக்ஸ்-டிஆர், மருத்துவர் படத்தை வாசிக்காமலேயே, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைச் சொல்லும் சாதனம். அதற்காக 10 ஆரம்பநிலை மருத்துவ இடங்களில் 900 பேரிடம் சோதித்தார்கள். அனுமதி வாசகமோ இவ்வளவு குறுகியது: 22 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், இதுவரை விழித்திரைப் பாதிப்பு கண்டறியப்படாதவர்கள், டாப்கான் என்டபிள்யூ400 கேமராவில் எடுத்த படங்கள், லேசானதைவிட அதிகமான பாதிப்பு இருக்கிறதா என்ற ஒரே கேள்வி.