எட்டரை அடிக் கோல்

கனடாவின் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி என்ற நீளமான வேட்டை மீன் கடைசி நொடியில்தான் ஏமாற்றும். போலி இரையைப் படகு வரை துரத்தி வந்து, அப்படியே நின்றுவிடும். அப்போது தூண்டில் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, இரையை 8 வடிவில் அகலமாகச் சுற்ற வேண்டும். என் 7 அடிக் கோலில் வளைவு மிகவும் குறுகியது. அவ்வளவு நீளமான மீன் அதில் திரும்ப முடியாமல் விலகிப் போனது, மூன்று முறை!

8 அடி 6 அங்குலக் கோலுக்கு மாறினேன். வளைவு அகன்றது, வீச்சுத் தூரமும் கூடியது. 9 அடிக் கோலையும் வீசிப் பார்த்தேன். மதியத்துக்குள் மணிக்கட்டு ஓய்ந்துவிட்டது. கோலின் வலிமையையும் பாருங்கள், கனமான இரையை மெல்லிய கோல் தாங்காது.

அடுத்த வாரமே ஒரு மஸ்கி இரண்டாவது சுற்றில் கவ்வியது. வலையிலேயே முள்ளைக் கழற்றி, உடனே நீரில் விட்டேன்.